ஊர்ப் பெயர் இருக்கிறது, ஆள் பெயர் எங்கே?

உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பினால் சேலம் நெடுஞ்சாலை. எலவனாசூர்கோட்டை தாண்டி, தியாகதுருகம் தாண்டிப் போகப் போக, இருபுறமும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் மாறி மாறி வருகின்றன. ஆடிக் காற்றில் கரும்புத் தோகை சலசலக்கிறது. கள்ளக்குறிச்சி நெருங்கும்போது மேற்கில் கல்வராயன் மலை நீலமாக எழும்புகிறது. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர், "மேல மழை பிடிச்சிருக்கு. சாயங்காலம் இங்க வந்துரும்" என்றார். அவர் சொன்னபடியே வந்தது.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் 2024 ஜூன் மாதம்தான் நினைவுக்கு வரும். நகரத்தின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 2021-ல், இதே ஊர்ப் பெயர் வேறொரு காரணத்துக்காக அரசுப் பதிவேட்டில் ஏறியது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் செய்தி நாடெங்கும் போனது. இரண்டாவது செய்தி நாளிதழில் ஒரு பத்தியோடு முடிந்தது. நான் இரண்டாவது செய்தியைத் தேடித்தான் போயிருந்தேன்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் பரவிக் கிடக்கிறது இந்தத் தொழில். மதுரையில் கோயில் வேலையும் தேர் வேலையும் செய்த குடும்பங்கள் பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்து இங்கே தங்கியதாகச் சொல்கிறார்கள். இதைக் கள்ளக்குறிச்சியோடு நிறுத்திப் பார்க்கவும் கூடாது. தெற்கே சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி, அதையும் தாண்டினால் பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர். மூன்று ஊரிலும் உளிச் சத்தம் கேட்கும். அரும்பாவூர் 2020-லேயே குறியீடு வாங்கிவிட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் காலடியில், ஒரு நாளில் சுற்றிவரக்கூடிய தூரத்துக்குள், தமிழ்நாட்டு மரச்சிற்பத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

நான் முதலில் போன பட்டறை தகரக் கொட்டகை. வாசலில் மரக்கட்டைகள் வெயிலும் நிழலுமாக அடுக்கிக் கிடந்தன. உள்ளே நால்வர். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு பாதங்களாலும் ஒரு பிள்ளையாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு துதிக்கையின் வளைவில் உளி ஓட்டிக்கொண்டிருந்தார். கொட்டாப்புளி மேலே ஏறுவதே தெரியவில்லை. மணிக்கட்டு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் நகக்கண் அளவு சிராய் சுருண்டு விழுந்தது.

"என்ன மரம்ணே?" என்றேன்.

"வாகை சார். நமக்குக் கைகொடுக்கிறது வாகையும் தூங்குமூஞ்சியுந்தான். தேக்குல உளி நல்லாப் போவும், ஆனா வெல கட்டாது. கேக்கிறவங்களுக்குத் தேக்குலயும் செய்வோம்."

வாகையைத் திருப்பிக் காட்டினார். வெளிவட்டம் வெளிறிக் கிடக்க, நடுவே கரும்பழுப்பு. அந்த வைரம் பாய்ந்த பகுதி முகத்துக்கு வருமாறு கட்டையை வைத்துப் பார்த்து, அதன் பிறகே கோடு போடுகிறார். நடுவே ஒரு நூல் பிடித்து, அதற்கு இருபுறமும் அளவு பிரித்துக்கொள்கிறார். தாளக் கணக்கை ஏட்டில் படித்தவரில்லை. முக நீளம் ஒன்று என்றால் உடம்பு எத்தனை, தொடை எத்தனை என்பது அப்பாவிடம் கற்ற கணக்கு. பச்சை மரமாக இருந்தால் மூன்று மாதத்தில் வெடிப்பு விடும் என்பதால், ஈரம் வற்றும்வரை கட்டை காத்திருக்க வேண்டும். அவசர ஆர்டர் வந்தால் அந்தக் காத்திருப்புக்குத்தான் முதலில் வெட்டு விழுகிறது. வாங்கிப்போன ஆறாம் மாதம் சிற்பத்தின் முதுகில் கீறல் விட்டால், பழி செதுக்கியவர் மேல். அவசரப்படுத்தியவர் மேல் வராது.

ஒரு சிற்பத்தில் பல கைகள் இருக்கின்றன. பெரியவர் கோடு போட்டு உருவம் பிரிக்கிறார். இளையவர்கள் ஆபரணமும் பீடமும் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுப் பெண்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். முகம் மட்டும் பெரியவருக்கு. "கண்ணு எடுக்கிறப்போ பேச்சுக்கொடுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கண் எடுத்து முடிக்கும்வரை கொட்டகையில் வானொலிகூட நிறுத்தப்பட்டிருந்தது.

முடிந்ததும் கேட்டேன், "இதுல உங்க பேரு எங்கண்ணே இருக்கும்?"

சிரித்தார். "சாமி காலடியில எம்பேர வெட்டச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. சாமி சிலை வாங்குகிறவருக்குச் சாமிதான் முக்கியம், செய்தவர் யார் என்பது அல்ல. மரபும் அப்படித்தான். கோயில் தூண்களைச் செதுக்கியவர்களில் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்? ஆனால் அந்தக் காலத்தில் சிற்பிக்கும் ஊருக்கும் நடுவே வேறொரு ஏற்பாடு இருந்தது. தேர் செய்தவர் யார் என்று அந்த ஊருக்குத் தெரியும். அடுத்த ஊரில் தேர் செய்ய வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குத்தான் ஆள் வரும். பெயரை மரத்தில் வெட்ட வேண்டிய அவசியமே இருந்ததில்லை. இன்றைக்குச் சிற்பம் போய்ச்சேரும் இடம் சென்னையோ கொச்சியோ சிங்கப்பூரோ. அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

சரக்கு எப்படி விற்கிறது என்று விசாரித்தேன். வியாபாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. இந்த உயரம், இந்த அகலம், இத்தனை உருப்படி. கொஞ்சம் முன்பணம் வருகிறது. மரம் வாங்கி வேலை தொடங்குகிறார்கள். முடிந்ததும் துணியும் வைக்கோலும் சுற்றி லாரி ஆபீஸில் போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் அது எந்தக் கடையில் நிற்கிறது, என்ன விலைக்குப் போகிறது, யார் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது என்பது பட்டறைக்குத் தெரிவதில்லை.

வியாபாரியை வில்லனாக்குவது சுலபம். நடப்பு அப்படி இல்லை. மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது கைமாற்று கொடுப்பவர் அவர். விற்காத சரக்கையும், வழியில் உடைந்த கையையும் காலையும் தன் கணக்கில் எழுதிக்கொள்பவரும் அவர்தான். ஊருக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள், செய்தவரின் பெயரைக் கூடவே கொண்டுபோகிறாரா, வழியிலேயே இறக்கிவிட்டுப் போகிறாரா என்பதுதான் கேள்வி.

புவிசார் குறியீடு இங்கே என்ன செய்கிறது? 1999-ல் சட்டம் வந்து, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் நம்ம கிண்டியில்தான் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு விண்ணப்பித்தது பூம்புகார் என்ற பெயரில் நாம் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம். வேறெங்கோ கடைந்த பொம்மையைக் கள்ளக்குறிச்சிச் சரக்கு என்று விற்றால் தடுக்கலாம். குறியீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, உரிமம் கொடுக்கவோ முடியாது. அது ஊர்ச் சொத்து. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. ஊருக்குக் குறியீடு கிடைத்ததாலேயே ஒவ்வொரு சிற்பிக்கும் அது கையில் வந்துவிடாது. ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று ஒவ்வொருவரும் தனியாகப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். 500 ரூபாயாக இருந்த அதற்கான கட்டணத்தை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய் யாருக்கும் பாரமில்லை. விண்ணப்பம் நிரப்புவதும், தான் இந்தத் தொழில் செய்கிறவர் என்பதற்குக் காகிதம் காட்டுவதும்தான் பாரம். நான் பேசியவர்களில் குறியீட்டைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. "எங்க ஊருக்கு கெடச்சிருக்கு" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்றால், "அதெல்லாம் சங்கத்துல பாத்துக்குவாங்க" என்று பேச்சு முடிகிறது.

மறுநாள் மலைக்குப் போனேன். கச்சிராயப்பாளையம் வழியாகப் போகிறது சாலை. கோமுகி அணையில் தண்ணீர் கலங்கலாகக் கிடந்தது. அணையைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்குகின்றன. பேருந்து மூச்சு வாங்கி ஏறுகிறது. கரியாலூரில் படகுத்துறையும் பூங்காவும் இருக்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் வெள்ளிமலை, தாலுகா தலைமையிடம். மேகம், பெரியார், கவியம் என்று அருவிகள் இந்த மலையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையானால் கார்கள் வரிசை கட்டுகின்றன.

இந்த மலைத்தொடரில் வடபாதி சின்னக் கல்வராயன், தென்பாதி பெரிய கல்வராயன். தென்பாதிதான் உயரம் அதிகம். இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக இவர்களிடம் ஒரு கதை உண்டு. நாடு விடுதலை அடைந்த பிறகும் வெகுகாலம் இந்த மலை ஜடயக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976-ல்தான் அது முடிவுக்கு வந்தது. இந்தியக் குடியரசுக்கு 26 வயதாகும்வரை இங்கே குடிமகன் என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்திருக்கிறது.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில், வாசலில் கடுக்காய் காயப்போட்டிருந்த ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். பச்சையாக இருந்தது வெயிலில் மஞ்சளாகிச் சுருங்கி வரிவரியாகக் கிடந்தது. "இத எங்க பாட்டி வாங்கிக்கிட்டுப் போறாங்க?" என்றேன். "கீழ போவுது" என்றார். அதற்கப்புறம்? "அதுக்கப்புறம் எங்க போனா எனக்கென்னப்பா?"

அது எங்கே போகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். திரிபலா சூரணத்துக்குப் போகிறது, தோல் பதனிடப் போகிறது. கலம்காரித் துணிக்கும் போகிறது. துணியைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைக்காமல் கலம்காரி ஓவியர் கோடு இழுப்பதில்லை. அதுதான் கறுப்பைத் துணியில் நிறுத்துகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தோடு அதே 2021-ல் குறியீடு வாங்கிய இன்னொரு கலை, கருப்பூர் கலம்காரி. எந்த மலைக் கடுக்காய் எந்தத் துணிக்குப் போகிறது என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை. ஆனால் மலையிலிருந்து கீழே இறங்கும் எந்தப் பொருளுக்கும் ஆள் பெயர் கூட வருவதில்லை என்பதை அந்தப் பாட்டியின் பதில் சொல்லிவிட்டது.

மரத்திலும் அதே கதைதான், இன்னும் கொடுமையாக. நவராத்திரிக் கொலுவில் வைக்கும் மரப்பாச்சிக்கு மரபாகச் செம்மரம்தான். அந்தச் செம்மரத்தை ஆந்திரக் காடுகளில் கூலிக்கு வெட்டப்போய் மாட்டிக்கொண்டவர்கள் ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன் மலைகளின் ஏழைகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் தமிழர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டுச் சந்தையில் அந்த மரத்துக்குக் கிடைக்கும் விலையில் வெட்டியவன் கூலி எத்தனையில் ஒரு பங்கு என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. கடைசி விலை தெரியாதவன் எப்போதும் முதல் விலைக்கே நிற்க வேண்டியிருக்கிறது.

மலை இறங்கிச் சின்னசேலம் பக்கம் இன்னொரு பட்டறையில் ஓர் இளைஞரைப் பார்த்தேன். முப்பது வயதுக்குள் இருப்பார். சாமி சிலைகளோடு தன் விருப்பத்துக்கும் சில சிற்பங்கள் செய்து வைத்திருந்தார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் ஒரு பெண், குனிந்த முதுகு, இழுக்கும் கை, முகமே இல்லை. வாகையின் வெளிறிய பகுதி சேலையாகவும் கறுத்த பகுதி உடம்பாகவும் வரும்படி கட்டையைத் தேர்ந்தெடுத்திருந்தார். பெரியவர் பிள்ளையாரின் முகத்துக்குச் செய்த அதே கணக்கு. அதை அவர் வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"இத யாரு வாங்குறாங்க தம்பி?"

"யாரும் வாங்கல சார். சாமி இல்லன்னா வியாபாரிங்க தொட மாட்டாங்க. ஒரு தடவ ஊர்லேர்ந்து மூணு பீஸ் எடுத்துகினு ஒரு கேலரிக்குப் போனேன். வச்சிட்டுப் போங்கன்னாங்க. வச்சிட்டு வந்தேன்."

"ரசீது வாங்கினீங்களா?"

"இல்ல சார். பெரிய எடம், அவங்ககிட்டப் போயி எப்பிடிக் கேக்கிறது?"

ஒன்று விற்றதாகப் பிறகு பணம் வந்ததாம். என்ன விலைக்கு என்று தெரியாது. இரண்டாவது திரும்பி வந்தது, விரல் உடைந்து. மூன்றாவது இன்னும் அங்கேதான் இருப்பதாக நம்புகிறார். யாரும் அவரை ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. காகிதம் இல்லாத இடத்தில் மறதியே போதும்.

கேலரி என்றால் என்ன என்பதை நம் ஊர்க் கலைஞர்களுக்கு யாராவது உட்கார்த்தி வைத்துச் சொல்ல வேண்டும். கேலரி பொருளை விலைக்கு வாங்குவதில்லை, விற்றுத் தருகிறது. விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம். கேட்டதும் பலருக்குப் பகீரென்கிறது. ஒரு சிற்பம் 10,000 ரூபாய்க்குப் போகிறது, கேலரி நாற்பது சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலைஞருக்கு 6,000. அதே சிற்பத்தை வியாபாரியிடம் 4,000-க்குக் கொடுத்தால், அவர் அதை 8,000-க்கு விற்றாரா 20,000-க்கு விற்றாரா என்பது தெரியவே தெரியாது. கேலரி எடுக்கும் பங்கு பெரிதா சிறிதா என்பதைவிட, கடைசி விலை கலைஞருக்குத் தெரிகிறது என்பதுதான் முக்கியம். அந்த விலை தெரிந்தால்தான் அடுத்த சிற்பத்துக்கு விலை சொல்லத் தைரியம் வரும். அத்தோடு சுவரில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள்: பெயர், ஊர், ஆண்டு, மரம். வியாபாரியின் கடையில் ‘கைவேலை’ என்று மட்டும் இருக்கும்.

ஆனால் பெயர் வாங்கிக்கொடுப்பவர்களின் கையில் கலைஞரை அப்படியே ஒப்படைத்துவிடவும் கூடாது. ஜங்கர் சிங் ஷியாமின் கதை அதற்கு எச்சரிக்கை. மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி இளைஞர். ஓவியர் ஜே. சுவாமிநாதனின் முயற்சியால் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு வந்தார். அந்த நிறுவனம் 1982-ல் தொடங்கியது. வீட்டுச் சுவரில் வரைந்துகொண்டிருந்தவரின் ஓவியம் 1989-ல் பாரிஸின் சர்வதேசக் கலைக் கண்காட்சி ஒன்றில் நின்றது. அவர் பாணியே இன்று ஒரு பள்ளியாகி, அவர் கிராமமான பட்டன்கரில் பலர் அதில் பிழைக்கிறார்கள். ஆனால் அவர் 2001-ல் ஜப்பானில், ஒரு அருங்காட்சியகத்துக்காகத் தங்கி வரைந்துகொண்டிருந்த இடத்தில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் எந்த நிபந்தனையில் அங்கே வேலை செய்தார், ஏன் ஊர் திரும்ப முடியவில்லை என்ற கேள்விகள் இன்றைக்கும் கேட்கப்படுகின்றன. புகழ் வந்துவிட்டால் பாதுகாப்பும் வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. எழுதிய காகிதத்தைப் படித்துச் சொல்ல, கலைஞர் பக்கம் ஒரு ஆள் வேண்டும்.

நம் பக்கத்திலேயே வேறு ஒரு வழியைக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் கலைஞர் கிராமம் எழுந்தது. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்றார். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. இளம் ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைப் பொதுவில் சேர்த்துக் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். வீடு கட்டிக்கொண்டார்கள். கேலரிக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. சோற்றுக்குக் கைவினை, ஆசைக்கு ஓவியம் என்று இரண்டையும் ஒரே வளாகத்தில் வைத்துக்கொண்டு, விற்பனையும் தாங்களே பார்த்தார்கள். சின்னசேலத்து இளைஞரும் அதைத்தான் தனியாகச் செய்துகொண்டிருக்கிறார்: சோற்றுக்குப் பிள்ளையார், ஆசைக்கு மரவள்ளிப் பெண். சோழமண்டலில் பலர் சேர்ந்தார்கள், இவர் தனி ஆள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அரசு உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. 1973-ல் தொடங்கிய பூம்புகார் ஆண்டுதோறும் கொலுக் கண்காட்சி நடத்துகிறது. முதிய கைவினைஞர்களுக்கு ‘வாழும் கைவினைப் பொக்கிஷம்’ விருது தருகிறது. கைவினைஞர் அடையாள அட்டை இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு 1994-ல் திறந்த டெல்லி ஹாட் போன்ற இடங்களில் கடை கேட்டு விண்ணப்பிக்கலாம். 2025-ல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் மானியத்தோடு கடன் தருகிறது. மரத்தில் செய்த தெய்வச் சிலைகளுக்கு 2018-ல் சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் கவனியுங்கள், சலுகை தெய்வத்துக்கு. கிழங்கு பிடுங்கும் பெண்ணுக்கு வரி உண்டு. கடனும் கண்காட்சியும் பட்டறையை ஓட வைக்கும். அவற்றால் மட்டும் ஒருவரின் பெயர் சந்தைக்குப் போய்ச்சேராது.

அதற்குத் தேவையானவை சின்ன வேலைகள். செய்து முடித்த ஒவ்வொரு சிற்பத்தையும் வெளிறிய துணிக்கு முன்னால் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று படம் எடுத்து வைக்க வேண்டும். கைப்பேசியே போதும். ஒரு நோட்டில் எண், மரம், உயரம், முடித்த மாதம், விலை எழுத வேண்டும். சாமி காலடியில் வெட்டத் தயக்கம் என்றால் பீடத்தின் அடிப்பக்கத்தில் பட்டறையின் பெயரும் ஆண்டும் போதும். பல கைகள் சேர்ந்த வேலைக்குப் பட்டறைப் பெயர்தான் நியாயமும்கூட. முகம் எடுத்தவர் பெயரை மட்டும் போட்டு, உப்புத்தாள் தேய்த்த பெண்களை விட்டுவிட்டால், வியாபாரி செய்ததையே நாமும் செய்கிறோம் என்றாகும். கேலரியில் வைத்துவிட்டு வரும்போது ஒரே ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்: எத்தனை சிற்பம், என்ன விலை, யாருக்கு எத்தனை சதவீதம், விற்றால் எத்தனை நாளில் பணம், உடைந்தால் யார் பொறுப்பு, விற்காவிட்டால் எப்போது திரும்பும். தெரிந்த தமிழில் எழுதினாலே போதும்.

சட்டமும் கலைஞர் பக்கம்தான் இருக்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தைக் கலைப்படைப்பாகவே பார்க்கிறது. அதில் கலைத்தரம் இருக்கிறதா என்று நீதிபதி சோதிக்க வேண்டியதில்லை. விற்றுவிட்ட பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கே இருக்கும். சொந்தக் கற்பனையில் செய்த சிற்பம் பின்னால் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதில் பத்து சதவீதம்வரை பங்கு கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. கேட்க வேண்டுமானால், செய்தது தான்தான் என்று காட்ட வேண்டும். அந்த நோட்டும் அந்தப் படமும் அதற்குத்தான். சின்னசேலத்து இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னேன். பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மரவள்ளிப் பெண்ணின் உயரத்தை அளந்து எழுதினார். விலை என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு எழுதிய தொகை நான் நினைத்ததைவிடக் குறைவு. மரம், கூலி, நாள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கச் சொன்னேன். அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.

இந்த வேலைகளுக்குச் சிற்பிதான் வேண்டுமென்பதில்லை. கள்ளக்குறிச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரிகள் இருக்கின்றன. வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் ஒரு பட்டறைக்கு ஒருவர் என்று போய் உட்கார்ந்தால், ஒரு பருவ விடுமுறையில் அந்த ஊரின் மரச்சிற்பங்களுக்கு முழுப் பட்டியலே தயாராகிவிடும். அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் விண்ணப்பத்தையும் அவர்களே நிரப்பிக் கொடுக்கலாம். கட்டணம் பத்து ரூபாய்தான். சென்னைக் கேலரிகளும் முட்டுக்காட்டின் தட்சிணசித்ராவும் புதுச்சேரி ஆர்வலர்களும் சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சரக்கு அனுப்புவதற்கு முன்னால் இந்தப் பட்டியல் போகட்டும்.

வாசகர்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை எங்கே மரச்சிற்பம் வாங்கினாலும், செய்தவர் யார், எந்த ஊர் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். ரசீதில் அந்தப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் வியாபாரியைக் கேட்பார். வியாபாரி பட்டறையைக் கேட்பார். பெயருக்கு விலை உண்டு என்று தெரிந்தால் அதை யாரும் வழியில் இறக்கிவிட மாட்டார்கள்.